ஒற்றைக் குமிழ்ப் பெட்டி

என் வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல். நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று என் அம்மா அஞ்சலை என்னை வளர்த்த காலமெல்லாம் சொன்னாள். நான் கொட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் கொட்டியதில் ஒன்றை மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருந்தேன்.

என் தம்பி ஜெயபாலன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து சியோனானுக்குப் போன நாளில் அது நடந்தது. சிங்கப்பூருக்கு ஜப்பான்காரன் வைத்த பெயர் சியோனான். மலாக்காவின் ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள், அதனால் ஆள்களைத் திடலிலிருந்து லாரியில் ஏற்றினார்கள். எங்கள் வீட்டுக்கு அவன் ஒரே ஆண்பிள்ளை. அவனை இறக்கிக் கூட்டிவரத்தான் நான் ஓடினேன். அவன் இறங்கவில்லை. "போய்ட்டு வந்துடறேன்க்கா," என்று சிரித்தான். எனக்கு வந்ததே கோபம். லாரியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், "போ. செத்தாலும் எங்க வாசல்ல வந்து நிக்காத," என்று சொல்லிவிட்டேன். சிரித்த முகம் அப்படியே நின்றுபோனதைப் பார்த்தேன். லாரி புறப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "புள்ள என்ன சொல்லிட்டுப் போனான்?" என்று கேட்டாள். "திருநீறு பூசி அனுப்பிட்டு வந்தேன்" என்றேன். அவ்வளவுதான், அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அம்மா குடியிருந்த காஜா பேராங்கில் யார் ஜெயபாலனைப் பற்றி விசாரித்தாலும், "எங்க சிவகாமி கையால திருநீறு வாங்கிக்கிட்டுத்தான் போயிருக்கான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்பாள். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் காலத்தில் சோறு என்று ஒன்று கிடைத்தால்தானே, மரவள்ளிக்கிழங்கு இறங்காது என்று சொல்ல வேண்டும்.

மறு வருஷம் தை மாதத்தில், முகாமிலிருந்து வந்த ஒருவர் கிளேபாங்கில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டைத் தேடிவந்து ஒரு துண்டுக் கடிதம் கொடுத்தார். தம்பியின் கையெழுத்து. அவனுடைய அணி பர்மா பக்கம் போகப்போகிறது. போவதற்கு முன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, சியோனான் வானொலியின் தமிழ் நிகழ்ச்சியில் ஆளுக்கு நான்கு வாக்கியம் வீட்டாருக்குச் சொல்ல விடுகிறார்கள். 'அப்பாவையும் அம்மாவையும் எப்படியாவது கேட்க வை' என்று எழுதியிருந்தான். எனக்கென்று ஒரு வார்த்தைகூட இல்லை. கோபத்தில்தான் எழுதவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த நான்கு வாக்கியத்தை அவர்கள் கேட்டே ஆக வேண்டும். அதற்கப்புறம் அவன் குரலை எப்போது கேட்போமோ, கேட்போமா இல்லையோ. நான் கொட்டியதை அள்ள முடியாது. இதையாவது செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

திடலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, அங்கே நடக்க முடியாது. அப்பாவுக்குக் காது மந்தம், கூட்டத்தில் நின்றால் ஒன்றும் விளங்காது. ரேடியோ வைத்திருந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் அதை ஜப்பான்காரனிடம் பதிந்து முத்திரை வாங்கி வைத்துக்கொண்டு, நாலு பேர் வீட்டுக்குள் நுழைந்தாலே பயந்தார்கள். ஆகவே பெட்டி எங்கள் வீட்டுக்கே வர வேண்டும். அதுவும் இரண்டு பேரும் தாங்களே போட்டுக் கேட்கிற மாதிரி. நான் கிளேபாங்கிலிருந்து வந்துவிடுவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வழியில் ஜப்பான் காவல் சாவடிக்காரனுக்கு நாம் குனிந்தது பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிடுவான்.

ஜாலான் துக்காங் எமாஸில், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே, ஷரீஃபுதீன் பாய் கடை இருந்தது. ரேடியோ, கிராமபோன், டார்ச் லைட் எல்லாம் பழுதுபார்ப்பார். ஆறு புட்டி தேங்காய் எண்ணெயோடு போய் நின்றேன். என் வீட்டுக்காரர் தேவதாஸ் காய்ச்சிய எண்ணெய். அந்த நாளில் ஜப்பான் நோட்டைவிட எண்ணெய்க்குத்தான் மரியாதை.

"யாருக்கும்மா பெட்டி?" என்று கேட்டார்.

"அப்பா அம்மாவுக்கு."

"ரேடியோ பழக்கம் உண்டா அவங்களுக்கு?"

"அப்பாவுக்குத் தண்ணி மீட்டர் தெரியும். அம்மாவுக்கு அம்மி தெரியும்."

பாய் தாடிக்குள் சிரித்துக்கொண்டார். என் அப்பா மாணிக்கவாசகம் நகராட்சியில் முப்பது வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். எதைக் கொடுத்தாலும் மூடியைத் திறந்து உள்ளே பார்க்காமல் விடமாட்டார்.

முதலில் பாய் ஒரு பெரிய பெட்டியைத் துணி விலக்கிக் காட்டினார். கண்ணாடி முகம், உள்ளே எண்கள், கீழே வரிசையாக ஆறு குமிழ். அழகாகத்தான் இருந்தது. "சத்தம் சும்மா கணீர்னு இருக்கும்" என்றார்.

"ஆறு குமிழா? எங்கப்பா ஆறையும் திருகுவார் பாய். ஒரு நாளைக்கு ஆறு தடவை திருகுவார்."

"ஜப்பான்காரன் உத்தரவுப்படி ஷார்ட் வேவை உள்ள வெட்டியாச்சும்மா. வெளிநாடெல்லாம் வராது."

"வராதுன்னு நமக்குத் தெரியும். கொர்ருன்னு சத்தம் கேட்டு, கிழவன் வெள்ளைக்காரன் செய்தியைத் தேடறான்னு எவனாவது போய்ச் சொன்னா? கெம்பெய்த்தாய்காரன் வந்து வெட்டியிருக்கா இல்லையான்னு பொறுமையா பாத்துக்கிட்டு இருப்பானா?"

ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பெய்த்தாயின் பெயரைக் கேட்டதும் பாய் துணியை மறுபடி மூடிவிட்டார். அடுத்து ஒரு கிராமபோனைக் காட்டினார். "சாவி கொடுத்தாப் பாடும். வயசானவங்களுக்கு இதவிட சூசா, தொந்தரவு இல்லாதது கிடையாது."

"இதுல என் தம்பி பேசுவானா?"

"பேசமாட்டார்."

"அப்புறம் எதுக்குக் காட்டறீங்க?"

"நீங்க தம்பி பேசணும்னு இப்பத்தானேம்மா சொல்றீங்க," என்றார் பாய் சாந்தமாக. அதுவும் நியாயம்தான். அதற்கப்புறம் கடிதத்தை எடுத்துக் காட்டி விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, எழுந்து உள்ளே போய், அரிசிப் படி அளவில் இருந்த ஒரு சின்ன மரப்பெட்டியைத் தூக்கிவந்தார். முன்னால் துணி, துணிக்குக் கீழே இரண்டே குமிழ். ஒன்று நிலையத்தைத் தேட. இன்னொன்றை டொக்கென்று திருப்பினால் பெட்டி உயிர் பெறும், மேலும் திருப்பத் திருப்பச் சத்தம் கூடும்.

பாய் சியோனான் நிலையத்தைச் சரியாகப் பிடித்துவைத்தார். பிறகு முதல் குமிழைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே உங்கப்பா ஆசைப்பட்டாலும் வேற ஊருக்குப் போக முடியாது. ஒரே குமிழ்தான். போடறதும் அதுல, கூட்டறதும் அதுல."

எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. காஜா பேராங்கில் எங்கள் வரிசைக்கு மின்சாரம் கிடையாது என்றேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஏதோ லாரியிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி ஒன்றைக் காட்டினார். அவரிடம் இருந்ததும் அது ஒன்றுதான்.

"நல்லா ஏத்தித் தர்றேன். ஆனா கிழடு. நாலு மணி நேரம் தாங்கும், மிஞ்சிப்போனா அஞ்சு. சும்மா சும்மா போட வேணாம்னு சொல்லுங்க. களைச்சுப்போச்சுன்னா அணைச்சு வைங்க. கிழட்டு மாடு கொஞ்சம் நின்னுட்டு மறுபடி நாலு அடி நடக்கும்ல, அது மாதிரி. இந்தக் கிளிப்பு ஒண்ணு தளர்ச்சி. விட்டுப்போச்சுன்னா கையால அழுத்திப் புடிச்சுக்கணும். ஒண்ணும் பண்ணாது."

அப்பா பெயரில் சீட்டு எழுதி, முத்திரை வாங்கி, வியாழக்கிழமை கொடுத்தார். என் வீட்டுக்காரர் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டார். டயருக்குள் காற்றுக்குப் பதிலாகக் கயிறு திணித்த சைக்கிள். காஜா பேராங் போய்ச் சேருவதற்குள் மனிதர் வியர்த்துக் கொட்டிவிட்டார்.

அம்மா பெட்டியைச் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். போட்டுக் காட்டினேன். யாரோ ஒருவர் கணீரென்று தமிழில் செய்தி படித்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், வேற்று ஆள் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி.

"நான் பேசினா ஜெயபாலனுக்குக் கேக்குமா?"

"கேக்காதும்மா. அவன் பேசறது மட்டும்தான் நமக்குக் கேக்கும்."

"அப்ப அவன் பசியாறினானான்னு நான் எப்படிக் கேக்கறது?"

பேச்சை மாற்றி, அம்மாவைக் குமிழைத் திருப்பச் சொன்னேன். இரண்டு விரலால் சூடான சட்டியைத் தொடுவதுபோல் தொட்டாள். நாலாவது தடவையில் பயம் போய்விட்டது. அப்பாதான் வேறு ரகம். முதலில் பெட்டியின் பின்பக்கம் போனார். "ஜப்பான்காரன் முத்திரை வச்சிருக்கான், தொட்டீங்கன்னா தலை போயிடும்" என்று கத்தினேன். அவர் மெதுவாக முன்பக்கம் வந்தார். குமிழை டொக்கென்று திருப்பினார், கூட்டினார், குறைத்தார், அணைத்தார்.

"மெயினைத் திறக்கறதும் இதுதான், குழாயைத் திறக்கறதும் இதுதானா?" என்று கேட்டார்.

அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். "ஆமாப்பா, குழாய் மாதிரிதான். குழாய்தான்னு வச்சுக்குங்களேன்," என்றேன். இந்த வாய் இருக்கிறதே.

"எப்பப் போடணும்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி."

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரம் ஆக்கியிருந்தான். எங்கள் வீட்டுக் கடிகாரத்தை மட்டும் அப்பா மாற்றவில்லை. "சூரியன் டோக்கியோவைக் கேட்டா மலாக்காவுல உதிக்குது?" என்பார்.

"டோக்கியோ ஆறுன்னா நமக்கு நாலரை," என்றார். "ஞாயித்துக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு என்ன தெரியுமா?"

எனக்குத் தெரியும். ராகு காலம்.

"புள்ள குரலை ராகு காலத்துல திறக்க மாட்டேன் சிவகாமி. அவன் கிளம்பினதே அப்படித்தான். அவனுங்க கடிகாரத்துல நல்ல நேரம், நம்ம கடிகாரத்துல ராகு காலம். அன்னைக்கே எனக்கு மனசுக்கு ஆகல."

"வானொலிக்காரன் நம்ம பஞ்சாங்கத்தைப் பாத்தாப்பா நிகழ்ச்சி வைக்கிறான்?"

"அவன் பாக்க வேணாம். நான் பாக்கணும்ல."

ஆறு புட்டி எண்ணெய், என் வீட்டுக்காரர் முதுகு, பாயின் பெட்டி, எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் வீணாகப் போகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு யோசித்தேன். வழியும் தோன்றிவிட்டது.

"சரி, ராகு காலத்துக்கு முன்னாடியே போட்டு வச்சிடுங்க. முன்னாடியே ஆரம்பிச்ச காரியத்துக்குக் குத்தமில்லையே?"

அப்பா மோவாயைத் தடவினார். "அது சரிதான். முன்னாடியே ஆரம்பிச்சிட்டா குத்தமில்ல."

பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சும்மா சும்மா போடாதீர்கள், பேட்டரி தீர்ந்துவிடும் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கிளேபாங்குக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாவடியில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்து, காஜா பேராங்கில் வீட்டுக்குள் நுழையும்போது அப்பாவின் கடிகாரத்தில் நாலடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று மூச்சு விட்டேன்.

அப்பா வெளுத்த சட்டை போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நகராட்சிக்குப் போகும் காலத்தில் போட்ட சட்டை. அம்மா குளித்துத் தலையில் பூ வைத்திருந்தாள். பெட்டியின் மேலும் ஒரு துண்டுப் பூ. அதற்கு முன்னால் ஒரு முக்காலியில், அவித்த கிழங்கும் தேங்காய்த் துருவலும் ஒரு தட்டில் மூடி வைத்திருந்தது.

"யாருக்கும்மா அது?"

"சும்மாதான். அவன் பேசறப்ப எதிர்ல இருக்கட்டும்னு வச்சேன்," என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பெட்டியின் அருகே போனேன். உள்ளிருந்து மெல்ல ம்ம்ம் என்று ஒரு முனகல் கேட்டது. குமிழைப் பார்த்தேன். டொக் தாண்டி இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். வரவில்லை. இன்னும் கூட்டினேன். எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பாட்டு ஈனமாகக் கேட்டு, இருமி, கரைந்தது.

"எப்பப் போட்டீங்க இதை?"

"காலையில ஏழரைக்கு," என்றார் அப்பா நிம்மதியாக. "அருமையான நேரம்."

"காலையில ஏழரையா? மத்தியானத்துக்கு மேல போடக்கூடாதா?"

"பன்னிரண்டுலேர்ந்து ஒண்ணரை எமகண்டம். மூணுலேர்ந்து நாலரை குளிகை. குளிகையில ஆரம்பிச்சா திரும்பத் திரும்ப நடக்கும். புள்ள குரலை எப்பவும் பெட்டியிலதான் கேக்கணும்னு ஆயிட்டா? அதான் வேணாம்னுட்டேன். நடுவுல எதுக்கு வம்பு, காலையிலேயே திறந்துட்டேன்."

"எட்டரை மணி நேரமா ஓடுதுப்பா இது. பேட்டரி தீர்ந்துபோச்சு."

"எப்படித் தீரும்? சத்தமே வரலியே. மெயினைத் திறந்து குழாயை மூடி வச்சிருக்கேன். மூடின குழாயில மீட்டர் ஓடுமா? நீதானே குழாய்தான்னு சொன்ன."

"உங்க ராகு காலமும் குளிகையும்! உங்களால," என்று ஆரம்பித்தேன். அடுத்து என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களாலதான் அவன் குரலைக் கூடக் கேட்காமல் போகப்போகிறோம் என்று வந்திருக்கும். நாக்கு நுனியில் நின்றது. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் அப்படியே நின்றுபோயிருந்தது. லாரியில் நான் பார்த்த அதே முகம். ஜெயபாலனுக்கு அப்பா ஜாடை என்று ஊரே சொல்லும், நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது எத்தனை கஷ்டமான வேலை என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"உங்க மேல தப்பில்லப்பா," என்றேன். "குழாய்னு நான்தான் சொன்னேன். இது உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

பாயிடம் ஓடலாமா என்று பார்த்தேன். ஓடி என்ன செய்ய, வேறு பேட்டரி கிடையாது. கிழட்டு மாடு என்று அவர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. இப்போது அணைத்துவிட்டு, சரியாக நாலரைக்கு மறுபடி போட்டால் சில நிமிஷமாவது பேசும். ஆனால் நாலரை என்றால் ராகு காலம். இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "நீங்க சொல்றபடி செய்யறேன்பா," என்றேன். அணைக்காமல் விட்டால் கால் மணி நேரத்தில் அடியோடு செத்துவிடும்.

அப்பா எழுந்துவந்து டொக்கென்று அணைத்தார்.

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா கிழங்குத் தட்டில் ஈ உட்காராமல் விசிறினாள். வெளியே கோழி கிளறும் சத்தம் கேட்டது. கடிகாரத்தில் நாலு இருபத்தெட்டு ஆனபோது நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குமிழில் கை வைத்திருந்தார்.

"ராகு காலம் வருதுங்க," என்றாள் அம்மா.

"வரட்டும் அஞ்சலை. அவனுக்கும் அதே ராகு காலம்தானே? புள்ள அதுக்குள்ள நின்னு பேசறான், நமக்கு மட்டும் என்ன நல்ல நேரம்?"

நாலரை அடித்தது. அப்பா திருப்பினார்.

அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு பெட்டி கனைத்துக்கொண்டு பேசியது. அறிவிப்பாளர் குரல் தெளிவாகவே வந்தது. மலாயாவின் இந்திய வீரர்கள் தங்கள் குடும்பத்தாரோடு பேசுவார்கள் என்றார். முதலில் ஈப்போ பையன் ஒருவன். அவன் தன் மனைவி பெயரைச் சொல்லிவிட்டு மேலே பேச வராமல் நின்றான். அடுத்தது சிரம்பான் ஊர்க்காரன். அந்தக் குரலில் பாதி கரகரப்பு. மூன்றாவது ஆள் பேசும்போது சட்டென்று நின்றுபோனது. தளர்ந்த கிளிப் கழன்றிருந்தது. நான் கீழே உட்கார்ந்து அதைப் பேட்டரியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். சத்தம் திரும்பி வந்தது. ஆனால் மெலிந்துகொண்டே வந்தது. அப்பா குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டார், அதற்குமேல் திருப்ப இடமில்லை.

நாலாவது ஆள் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

"நீ போய்க் கேளு," என்று அப்பா அம்மாவைத் தள்ளினார். "எனக்குத்தான் நல்லா இருக்கறப்பவே கேக்காதே."

அம்மா மூட்டுவலியை மறந்து மண்டி போட்டாள். காதைப் பெட்டித் துணியில் ஒட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கிளிப்பை விட்டால் எல்லாம் போய்விடும். கொஞ்ச நேரம் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"மலாக்கான்னு சொல்றாங்க," என்றாள் அம்மா.

பிறகு, "அவன்தான்," என்றாள். "அவன்தாங்க. அப்பா அம்மாவுக்கு நமஸ்காரம்ங்கறான்."

அப்பா கை இரண்டையும் சேர்த்துக்கொண்டார்.

"நல்லா இருக்கேன், மூணு வேளையும் பசியாறறேன்ங்கறான்." அம்மாவின் கண்ணிலிருந்து நீர் துணியில் இறங்கியது. "அம்மா காலுக்கு எண்ணெய் போடச் சொல்றான்."

மூன்று வாக்கியம் ஆகிவிட்டது. நான் கிளிப்பை இன்னும் அழுத்தினேன். அம்மா நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்காங்கறான்... அக்கா, லாரிகிட்ட நீ சொன்னதை நான் அப்பவே மறந்துட்டேன், நீயும் மறந்துடுன்னு சொல்றான்."

பெட்டி அடங்கிவிட்டது. குமிழை அப்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

அம்மா காதை எடுக்காமலே என்னைப் பார்த்தாள். "லாரிகிட்ட என்னடி சொன்ன? திருநீறுதானே பூசின?"

அவள் கற்பித்துச் சொல்லியிருக்க முடியாது. லாரிகிட்ட நான் சொன்னது எங்கள் வீட்டில் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவன் பேசினான், என் தம்பி அந்தப் பெட்டிக்குள் நின்று என்னிடம் பேசினான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதம் மூடி வைத்தது உடைந்துபோனது. நான் அழுதேன், சின்னப்பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக அழுதேன்.

"திருநீறு பூசலம்மா. பொய் சொன்னேன். செத்தாலும் வாசல்ல வந்து நிக்காதன்னு சொன்னேன் அவனை."

அம்மா மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் மறந்துட்டேங்கறான்," என்றாள் பிறகு. "நீ எதுக்கு இன்னும் புடிச்சுக்கிட்டு நிக்கற? விடு. கை கன்னிப்போச்சு பாரு."

குனிந்து பார்த்தேன். செத்துப்போன பேட்டரியின் கிளிப்பை இன்னும் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தேன். விரல்களில் அதன் பல் பதிந்திருந்தது. விட்டேன்.

அப்பாவுக்கு நாங்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. "என்ன சொன்னான்? மொதல்லேர்ந்து சொல்லு அஞ்சலை," என்று கேட்டார். அம்மா அவருடைய நல்ல காதின் பக்கம் போய் உட்கார்ந்து, நமஸ்காரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் பேச்சு வந்த இடத்தில் மட்டும், "அக்காவை ரொம்பத் தேடுதாம் அவனுக்கு," என்று மாற்றிக்கொண்டாள். நான் முக்காலியிலிருந்த தட்டை எடுத்து மூன்று பேருக்கும் கிழங்கைப் பங்கு வைத்தேன்.

அப்பா சாப்பிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிகையிலேயே போட்டிருக்கணும் சிவகாமி," என்றார். "நான்தான் புத்திகெட்டுப் போயிட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.